தோண்டத் தோண்டப் பெருகிய பூ

இன்னைக்கு நம்ம ஹீரோ ஒரு குட்டிக் கிழங்கு. கோலிக்குண்டு அளவுதான். மேலே நார் நாராகப் பழுப்புத் தோல். அதிலிருந்து வரும் பூவுக்கு ப்ளூ டிக்ஸ்னு பேரு. சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேரு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தானாக வளரும் காட்டுப்பூ. வசந்தத்தில் நீளமான ஒல்லித் தண்டின் உச்சியில் ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும்.

அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் மாதக்கணக்கில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்தச் செடி அதைச் சமாளிக்கும் விதம் ரொம்ப எளிமை. பூத்து முடிந்ததும் இலை, தண்டு எல்லாம் காய்ந்து காணாமல் போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். இந்த வகைக் கிழங்கை ஆங்கிலத்தில் கார்ம் என்பார்கள். நம்ம சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் இதே ஜாதிதான்.

அங்கே வீட்டுத் தோட்டத்தில் இதை வளர்ப்பவர்கள், மழைக்கு முன்னால் வெயில் படும் இடமாகப் பார்த்து, தண்ணீர் தேங்காத மண்ணில் விரல் ஆழத்துக்குப் புதைக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை. கோடையில் பாசமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆபத்து, கிழங்கு அழுகிப்போகும். விதை போட்டால் முதல் பூவைப் பார்க்கவே சில வருஷம் ஆகிடும்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். தாய்க் கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டு வளரும். பிரித்து நட்டால் ஒவ்வொன்றும் தனிச் செடி. ஆயிரக்கணக்கான வருஷமாக அதைப் பிரித்துவிட்டது யார்?

கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகள், குறிப்பாகப் பெண்கள். இந்தக் கிழங்கு அவர்களுடைய சாப்பாடு. கையில் கூர் சீவிய மரத் தோண்டுகோல். தெற்குக் கடற்கரையில் சூமாஷ் மக்கள் அந்தக் கோலில் ஓட்டை போட்ட கல்லைக் கோத்துக் கனம் சேர்த்தார்கள். பெரிய கிழங்குகளை எடுத்துக்கொண்டு குட்டிகளை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பார்கள். தோண்டுவதால் மண்ணும் பொலபொலவென்று ஆகும். அவ்வப்போது சின்னதாகத் தீ வைத்துப் புதரை எரிப்பார்கள். அடுத்த வருஷம் பூ பொங்கி வரும். எம். கேட் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2005-இல் வெளிவந்த ‘டெண்டிங் தி வைல்ட்’ புத்தகத்தில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். வேலி இல்லை, வரப்பு இல்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இது தோட்டக்கலைதான்.

1848 ஜனவரி 24. சியர்ரா நெவாடா அடிவாரத்தில் கொலோமா என்ற இடத்தில் தங்கம் கிடைக்கிறது. உலகம் முழுக்க இருந்து கூட்டம் வந்து குவிகிறது. கோலால் மண்ணைக் குத்திக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து வெள்ளையர்கள் இந்த மக்கள் மொத்தப் பேருக்கும் வைத்த பேர் ‘டிக்கர்’, மண்ணைத் தோண்டுறவன். இத்தனைக்கும் சிரித்தவர்கள் வந்ததே தங்கத்துக்காக மண்ணைத் தோண்டத்தான்!

வெறும் கேலியாக இருந்திருந்தால் இந்த எபிசோடே தேவையில்லை. வேர் பிடுங்கித் தின்கிறவர்கள், விவசாயம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டால், அந்த நிலத்தை யாரும் உழைத்துப் பராமரிக்கவில்லை என்றாகிவிடுகிறது. அப்புறம் பிடுங்குவது சுலபம். 1850-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரிலேயே ‘இந்தியர்களின் பாதுகாப்பு’ என்று இருக்கும். சும்மா சுற்றுகிறான் என்று ஒரு பூர்வகுடி ஆளைப் பிடித்து, அவன் உழைப்பை நாலு மாதம் வரை ஏலம் விடலாம். குழந்தைகளை வீட்டு வேலைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பூவைப் பெருக்கிய அதே தீ!

நோய், பட்டினி, அரசுப் பணத்தில் நடந்த கொலைகள். சுமார் 1,50,000 பேர் இருந்த மக்கள், கால் நூற்றாண்டில் ஏறத்தாழ 30,000 ஆனார்கள். 2019-இல் ஆளுநர் கேவின் நியூசம் மன்னிப்புக் கேட்டார்; அது இனப்படுகொலை என்று அந்தச் சொல்லையே பயன்படுத்தினார். அந்த வசைப்பெயர் ஒரு பைன் மரத்துக்குக்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்த மரத்தைச் சாம்பல் பைன் என்கிறார்கள்.

அதே சியர்ரா அடிவாரத்தில் நார்த் ஃபோர்க் மோனோ மக்கள் இப்போது மறுபடியும் தங்கள் முறையில் நிலத்துக்குத் தீ வைக்கிறார்கள். எப்படி வைப்பது என்று கற்றுக்கொள்ள வருகிறவர்களில் அரசு அதிகாரிகளும் உண்டு.