மடுவில் மறைந்த பகை

இலங்கையின் உடப்புக் கடற்கரையில் ஆடி மாதந்தோறும் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் மக்களுக்குப் பாரதக் கதையின் முடிவை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை: 18 நாள் யுத்தம் தீரும் வேளையிலும் துரியோதனன் மடுவின் நீருக்குள் மறைந்திருந்தான்; அன்றிரவே அசுவத்தாமன் பாசறையுட் புகுந்து, உறங்கிய திரௌபதையின் புதல்வர் ஐவரையும் கொன்றான். குழந்தைகளைப் பற்றும் குருதிப் புற்றுநோயின் சிகிச்சைச் சரித்திரத்திலும் இத்தகைய ஓர் இரவு உண்டு.

1948ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி ஃபார்பர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆராய்ச்சிக் குழு ஆக்கித் தந்த அமினோப்டெரின் என்னும் ஔஷதத்தால், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாய்த் தணிந்ததைக் கண்டார். பின்வந்த மருந்துகள் இரத்தத்தையும் எலும்பு மச்சையையும் தூய்மையாக்கின. ஆயினும் சில மாதங்கள் சென்றபின் தலைவலியும் வாந்தியும் தோன்ற, நோய் மூளையின் உறைகளில் மீண்டெழுந்தது. இரத்தத்தில் உள்ள பலவும் மூளைக்குட் புகாமற் காக்கும் இயற்கையின் அரணே மருந்தையும் தடுத்துவிட, முன்னரே அங்கு புகுந்திருந்த சில உயிரணுக்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் ஒளிந்து பிழைத்திருந்தன.

மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல் என்பவர், அறிகுறி தோன்றும்வரை காத்திராது, 1967 முதல் தலைக்குக் கதிர்வீச்சும் முதுகுத்தண்டின் நீரிலே மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தும் செலுத்தியபோது, ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் நிரந்தரமாய்ப் பிழைத்தனர். ஆயின் கதிர்வீச்சு அப்பிள்ளைகளின் கல்வித் திறனையும் வளர்ச்சியையும் குன்றச் செய்ததால், அதன் அளவு படிப்படியாய்க் குறைக்கப்பட்டது; முதுகுத்தண்டு ஊசியையும் உடல் முழுதும் பரவும் மருந்துகளையும் செம்மையாய் அளித்தால் கதிர்வீச்சையே விலக்கலாம் என்பதை அதே வைத்தியசாலை 2009இல் வெளியிட்டது.

உடப்பிலிருந்து சிலாபம், கொழும்பு என வழிகடந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லும் தாயொருத்தி, ‘இரத்தம் சுத்தமாயிற்றென்றீர்களே, பின்னும் ஏன் முதுகில் ஊசி?’ என்று கண்கலங்கிக் கேட்பாளாயின், அவளுக்குரிய விடை அவள் ஊர்க் கோயிற் கதையிலேயே இருக்கிறது. வென்ற நாளின் இரவில் பாசறையின் காவல் போதவில்லை; இந்த ஊசி அக்குறையை நிரப்பும் காவல். ஆண்டுகள் நீளும் அச்சிகிச்சையில் ஒரு தவணையும் தவறாமல் அவள் அப்பிள்ளையை அழைத்துவர வேண்டும்.