பில் யார் பேர்ல?

பிரிட்டனில் ஒரு காலத்தில் ஏரியாவுக்கு ஒரே கரண்ட் கம்பெனிதான். 1998 செப்டம்பரில் தொடங்கி 1999 மே மாதத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் மார்க்கெட் திறந்தது. பில்லை நேரடியா கட்டுற வாடகைதாரரும் கம்பெனியை மாத்திக்கலாம்.

ஆனா பில் ஹவுஸ் ஓனர் பேர்ல இருந்தா, கம்பெனியைத் தேர்வு செய்யறது அவர்தான். இது பழைய பழக்கத்தோட தொடர்ச்சி. வாடகை அறைகளில் காசு போட்டா ஓடுற மீட்டர் இருக்கும். ரேட் வைக்கறதும் அவரே, உண்டியலைத் திறக்கறதும் அவரே! 2003 ஜனவரியில் ஒரு விதி வந்தது: தான் கொடுத்த விலைக்கு மேல வாடகைதாரரிடம் வாங்கக் கூடாது.

லாபம் நின்னுச்சு, சரி. ஆனா மலிவான கம்பெனியைத் தேடணும்னு அவருக்கு என்ன அவசியம்? காசு போறது வாடகைதாரர் பாக்கெட்டிலிருந்துதானே.