கலாபகோஸ் தீவுகளில் சிறுகப்பல் சுற்றுலா

கலாபகோஸ் சிறுகப்பல் சுற்றுலா என்பது, தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சிறிய கப்பல்களிலும் படகுகளிலும் சுற்றிவந்து, அங்குள்ள காட்டுயிர்களைக் காணும் சுற்றுலா முறை ஆகும். பயணிகள் பல நாட்கள் கப்பலிலேயே தங்கி, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு தீவில் வழிகாட்டியின் துணையுடன் இறங்கிப் பார்க்கின்றனர். பெரும்பாலான கப்பல்கள் 16 பயணிகளையோ அதற்கும் குறைவானவர்களையோ மட்டுமே ஏற்றிச் செல்பவை. எந்தச் சுற்றுலாக் கப்பலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றிச்செல்ல அனுமதி இல்லை.

தீவுகளின் பாதுகாப்புக்கான பணத்தைத் தருவதும், அதே வேளையில் அவற்றுக்கு அச்சுறுத்தலாக அமைவதும் சுற்றுலாவே என்பதால், இத்துறையின் விதிமுறைகள் உலகின் பிற இயற்கைப் பூங்காக்களாலும் கவனிக்கப்படுகின்றன.

புவியியல் பின்னணி

கலாபகோஸ் தீவுகள் பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின் இரு புறமும், எக்குவடோர் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிமீ தொலைவில் அமைந்துள்ளன. 13 பெரிய தீவுகளும், பல சிறு தீவுகளும், நூற்றுக்கு மேற்பட்ட பாறைத்திட்டுகளும் இதில் அடங்கும். மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 8,000 சதுர கிமீ. இதில் பாதிக்கும் மேற்பட்டது இசபெலா என்னும் ஒரே தீவின் பரப்பாகும்.

இத்தீவுகள் அனைத்தும் எரிமலைகளால் உருவானவை. புவியின் உட்பகுதியிலிருந்து வெப்பம் மேலெழும் 'வெப்பப் புள்ளி' ஒன்றின் மீது நாஸ்கா புவித்தட்டு கிழக்கு நோக்கி மெல்ல நகர்கிறது. அதனால் மேற்கிலுள்ள பெர்னாண்டினா, இசபெலா ஆகிய தீவுகள் வயதில் இளையவை. இன்றும் குமுறும் எரிமலைகளைக் கொண்டவை. தென்கிழக்கிலுள்ள எஸ்பஞோலா மிகப் பழைய தீவுகளுள் ஒன்று. அண்மைக் காலத்தில் 2018 இல் சியர்ரா நெக்ரா, 2022 இல் உல்ப், 2024 இல் பெர்னாண்டினாவின் லா கும்ப்ரே ஆகிய எரிமலைகள் குமுறின.

பெருவின் கரையிலிருந்து வரும் குளிர்ந்த அம்போல்ட் நீரோட்டம், வடக்கிலிருந்து வரும் வெப்பமான பனாமா நீரோட்டம், மேற்கிலிருந்து ஆழத்தில் வரும் குரோம்வெல் நீரோட்டம் ஆகிய மூன்றும் இங்கே கூடுகின்றன. குரோம்வெல் நீரோட்டம் மேற்குத் தீவுகளில் மோதி மேலெழும்போது ஊட்டச்சத்து மிக்க குளிர்நீரைக் கொண்டுவருகிறது. நிலநடுக்கோட்டில் பெங்குவின்கள் வாழ முடிவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

1535 மார்ச் 10 அன்று, பனாமாவின் ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா சென்ற கப்பல் காற்றின்றி நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு இத்தீவுகளை அடைந்தது. இதுவே தீவுகளைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு. குடிநீர் இன்றித் தவித்ததையும், மனிதரைக் கண்டு அஞ்சாத பறவைகளையும் அவர் எசுப்பானிய மன்னருக்கு எழுதினார். அதன் பின் கடற்கொள்ளையரும் திமிங்கில வேட்டைக்காரரும் இங்கு வந்து, பெரும் ஆமைகளை உணவுக்காகப் பிடித்துச் சென்றனர். உணவும் நீரும் இன்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும் ஆமைகள் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி வைக்கப்பட்டன. இவ்வாறு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் அழிந்தன என மதிப்பிடப்படுகிறது.

1832 இல் எக்குவடோர் இத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின், ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நீடித்த அப்பயணத்தில் நான்கு தீவுகளில் இறங்கி மாதிரிகளைச் சேகரித்தார். தீவுக்குத் தீவு வேறுபட்ட பறவைகளும் ஆமைகளும் பின்னர் அவரது பரிணாமக் கொள்கைக்கு உதவின. அவரது நூல் வெளிவந்து நூறாண்டுகள் நிறைந்த 1959 இல், மக்கள் குடியேறாத நிலப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு பூங்காவுக்கு உரியது. அதே ஆண்டில் சார்லஸ் டார்வின் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது.

ஒழுங்கமைக்கப்பட்ட கப்பல் சுற்றுலா 1960களின் இறுதியில் தொடங்கியது. சுவீடனில் பிறந்த லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் இதன் முன்னோடிகளுள் ஒருவர். அக்காலத்தில் தீவுகளில் தங்கும் விடுதிகள் மிகக் குறைவு, குடிநீரும் அரிது. எனவே படுக்கை, உணவு, நீர் அனைத்தையும் கப்பலிலேயே கொண்டுசெல்வது நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தது. பின்னர் உள்ளூர் மக்கள் சிலர் தங்கள் மீன்பிடிப் படகுகளையும் பயணிகளுக்காக மாற்றி அமைத்தனர்.

1978 இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 1998 இல் இயற்றப்பட்ட கலாபகோஸ் சிறப்புச் சட்டம் கடல்சார் காப்பகத்தை உருவாக்கியது. பெருநிலத்திலிருந்து குடியேறுவதையும் கட்டுப்படுத்தியது.

கப்பல்களும் பயண முறையும்

இங்கு இயங்கும் கலங்களில் விசைப்படகுகள், பாய்மரப் படகுகள், இரட்டை உடல் கொண்ட கட்டமரான்கள் ஆகியவை அடங்கும். ('கட்டமரான்' என்னும் சொல் தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது.) இரட்டை உடல் கலங்கள் அலைகளில் குறைவாக ஆடுவதால், கடல் ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றை விரும்புகின்றனர்.

பயணிகள் எக்குவடோரின் கீட்டோ அல்லது குவயாகில் நகரிலிருந்து விமானத்தில் பால்ட்ரா அல்லது சான் கிறிஸ்டோபல் தீவுக்கு வருகின்றனர். பால்ட்ரா விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கப் படைகளால் அமைக்கப்பட்டதாகும். பயணங்கள் பொதுவாக 4, 5, 8 அல்லது 15 நாட்கள் கொண்டவை.

கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடி, விடியும்போது அடுத்த இடத்தில் நங்கூரமிடுகிறது. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பயணிகள் கரையிறங்குகின்றனர். இடையில் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்துவதற்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. கப்பலிலிருந்து கரைக்குச் செல்ல, உள்ளூரில் 'பங்கா' எனப்படும் சிறு படகு பயன்படுகிறது. பாறையிலோ துறையிலோ கால் நனையாமல் இறங்குவது 'உலர் இறக்கம்' எனவும், மணற்கரையில் முழங்கால் அளவு நீரில் இறங்குவது 'ஈர இறக்கம்' எனவும் அழைக்கப்படுகின்றன. இரவு உணவுக்கு முன் வழிகாட்டி மறுநாள் திட்டத்தை விளக்குவார்.

சிறுகப்பலின் முதன்மையான நன்மை நேரமாகும். ஒரு வழிகாட்டி அதிகபட்சம் 16 பேரை மட்டுமே அழைத்துச்செல்லலாம். 16 பயணிகள் கொண்ட கப்பலில் அனைவரும் ஒரே குழுவாக இறங்கிவிடுகின்றனர். 100 பயணிகள் கொண்ட கப்பலிலோ குறைந்தது ஏழு குழுக்கள் தேவைப்படும். அவை இடைவெளி விட்டு இறங்க வேண்டும். மறுபுறம், சிறிய கலங்கள் அலையில் அதிகம் ஆடும், அறைகளும் சிறியவை.

முக்கிய இடங்கள்

பயணிகள் பூங்கா குறித்துள்ள இடங்களில் மட்டுமே இறங்கலாம். அவற்றுள் சில:

* எஸ்பஞோலா: சுவாரஸ் முனையில் அலைவரி அல்பட்ரோஸ் பறவைகள் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை காணப்படுகின்றன. உலகிலுள்ள இவ்வினப் பறவைகளில் ஏறத்தாழ அனைத்தும் இத்தீவிலேயே முட்டையிடுகின்றன. நீலக்கால் பூபிகளும் இங்கு உள்ளன.
* பெர்னாண்டினா: எஸ்பினோசா முனையில் கடல் பேரோந்திகள் (இகுவானாக்கள்) கூட்டமாகப் பாறைகளில் வெயில் காய்கின்றன. பறக்கும் திறனை இழந்த நீர்க்காகங்கள் இத்தீவிலும் இசபெலாவிலும் மட்டுமே வாழ்கின்றன.
* இசபெலா: இத்தீவின் உர்பினா விரிகுடாவில் 1954 இல் கடலடித்தளம் திடீரென 4 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அப்போது கரைக்கு வந்த பவளப்பாறைகளை இன்றும் நிலத்தில் காணலாம்.
* கெனோவேசா: கடலில் மூழ்கிய எரிமலைப் பெருவாய்க்குள் கப்பல்கள் நங்கூரமிடுகின்றன. செங்கால் பூபிகளுக்கும் பிரிகேட் பறவைகளுக்கும் பெயர் பெற்றது.
* பர்த்தலோமே: எரிமலைக்குழம்பால் ஆன சிறு தீவு. இதன் கூர்ம்பாறையின் அடியில் பெங்குவின்களைக் காணலாம்.
* புளோரியானா: இங்குள்ள அஞ்சல் விரிகுடாவில் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரு பீப்பாய் அஞ்சல் பெட்டியாகப் பயன்படுகிறது. தம் ஊருக்கு அருகிலுள்ள முகவரி கொண்ட மடல்களை எடுத்துச்சென்று சேர்ப்பது பயணிகளின் வழக்கம்.
* டார்வின், உல்ப் தீவுகள்: வடமேற்கில் தொலைவில் உள்ள இவற்றுக்கு ஆழ்கடல் மூழ்கலுக்கான கப்பல்கள் மட்டும் செல்கின்றன. கொம்பன் சுறாக்களும் திமிங்கிலச் சுறாக்களும் காணப்படுகின்றன. இங்கிருந்த 'டார்வின் வளைவு' என்னும் பாறை வளைவு 2021 மே மாதத்தில் இடிந்து விழுந்தது.

பருவநிலை

டிசம்பர் இறுதியிலிருந்து மே வரை வெப்பமும் மழையும் உள்ள பருவம். கடல் அமைதியாகவும் நீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்ந்த வறண்ட பருவம். மேட்டு நிலங்களில் 'கருவா' எனப்படும் மென்தூறல் காணப்படும். இப்பருவத்தில் கடல் கொந்தளிப்பு மிகும். ஆயினும் உணவு பெருகுவதால் கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் செழிக்கின்றன. எல் நீனோ ஆண்டுகளில் இந்நிலை தலைகீழாகிறது. 1982–83, 1997–98 ஆகிய ஆண்டுகளின் எல் நீனோவின்போது குளிர்நீர் மேலெழாமல் போனதால் பெங்குவின்களும் கடல் பேரோந்திகளும் பெருமளவில் இறந்தன.

விதிமுறைகள்

* பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி இவ்விடங்களில் இறங்கக் கூடாது. குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது.
* விலங்குகளிடமிருந்து குறைந்தது 2 மீட்டர் விலகி இருக்க வேண்டும். தொடவோ உணவு கொடுக்கவோ கூடாது.
* ஒளிவீச்சு விளக்குடன் படம் எடுக்கக் கூடாது.
* கல், சிப்பி, மணல் உட்பட எதையும் எடுத்துச்செல்லக் கூடாது.
* விதைகள், பழங்கள், பூச்சிகள் வராமல் தடுக்க, பயணப்பொதிகள் விமானம் ஏறும் முன்பே சோதிக்கப்படுகின்றன.

2012 இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதியின்படி, ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் மீண்டும் செல்லக் கூடாது. ஆமை வளர்ப்பு மையமுள்ள டார்வின் ஆய்வு நிலையத்துக்கு விலக்கு உண்டு. ஒவ்வொரு கப்பலின் வழித்தடத்தையும் பூங்காவே முடிவு செய்கிறது. புகழ் பெற்ற சில இடங்களில் கூட்டம் குவிவதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

பூங்காவின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு நீண்ட காலம் 100 அமெரிக்க டாலராக இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அது 200 டாலராக உயர்த்தப்பட்டது. இத்தொகை பூங்கா, உள்ளாட்சி அமைப்புகள், உயிரியல் பாதுகாப்பு முகமை முதலியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

பாதிப்புகளும் விவாதங்களும்

1970களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் இத்தீவுகளுக்கு வந்தனர். 2019 இல் இத்தொகை சுமார் 2.7 இலட்சமாக இருந்தது. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் சுற்றுலா முற்றிலும் நின்று, சுற்றுலாவை நம்பியிருந்த தீவு மக்கள் வருமானம் இழந்தனர். எனினும் 2023 இல் வந்தவர்கள் 3 இலட்சத்தைத் தாண்டினர்.

கப்பல்களின் எண்ணிக்கையும் படுக்கைகளின் எண்ணிக்கையும் உரிமங்களால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. எனவே இவ்வளர்ச்சியில் பெரும்பகுதி நிலத்தில் விடுதிகளில் தங்கும் சுற்றுலாவால் ஏற்பட்டது. 2010களில் விடுதியில் தங்குவோர் கப்பலில் தங்குவோரை விஞ்சினர். விடுதிகள் பெருகும்போது குடிநீர், கழிவு, மின்சாரம் ஆகியவற்றின் தேவையும், பெருநிலத்திலிருந்து வரும் சரக்கும் பெருகுகின்றன. ஒவ்வொரு சரக்குப் பெட்டியும் புதிய பூச்சி அல்லது விதையைக் கொண்டுவரக்கூடும். இவ்வகையில் கப்பல் சுற்றுலா நிலத்துக்குக் குறைந்த சுமையைத் தருகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். கப்பலில் உண்டு உறங்கும் பயணியின் பணம் தீவு மக்களுக்குக் குறைவாகவே சேர்கிறது, உள்ளூர் மக்கள் நடத்தும் விடுதிகளும் உணவகங்களுமே அவர்களுக்கு வாழ்வு தருகின்றன என்பது மறுதரப்பின் வாதம். வருமானம் தரும் தொழில் இல்லாதபோது, கடல் அட்டை, சுறா ஆகியவற்றைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடிக்கும் தூண்டுதல் மிகும் என்பதும் இதனுடன் இணைத்துப் பேசப்படுகிறது.

கப்பல்களாலும் தீங்கு இல்லாமல் இல்லை. இரவில் எரியும் விளக்குகள் பூச்சிகளை ஈர்த்து ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குக் கொண்டுசெல்கின்றன. பல மில்லியன் ஆண்டுகள் தனித்தனியே பிரிந்திருந்த உயிரினங்களைக் கொண்ட இடத்தில் இது சிறிய செய்தி அன்று. பிலோர்னிஸ் என்னும் அயல் ஈயின் புழுக்கள் கூட்டிலுள்ள குஞ்சுகளின் குருதியை உறிஞ்சி, டார்வினின் குருவிகளுக்குப் பெரும் அழிவை ஏற்படுத்திவருகின்றன.

எரிபொருளும் ஓர் இடராகும். 2001 ஜனவரியில் 'ஜெசிகா' என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் துறைமுகத்துக்கு அருகே தரைதட்டியது. அது ஏற்றிவந்த எரிபொருளில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பலுக்கானது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயைப் பெரும்பாலும் திறந்த கடலுக்குக் கொண்டுசென்றதால் உடனடி இழப்பு குறைவாகவே தெரிந்தது. ஆனால் அடுத்த ஓராண்டில் சான்டா பே தீவின் கடல் பேரோந்திகளில் 62 விழுக்காடு இறந்ததாக 2002 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிறிதளவு எண்ணெய் எச்சமே, பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களை அழித்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

2007 இல் யுனெஸ்கோ கலாபகோசை ஆபத்துக்குள்ளான பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாவின் கட்டற்ற வளர்ச்சி, குடியேற்றம், அயல் உயிரினங்கள் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. எக்குவடோர் எடுத்த நடவடிக்கைகளைத் தொடர்ந்து 2010 இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சல் தீவுகளை எட்டியபோது, பாதிக்கப்பட்ட இடங்களைப் பூங்கா தற்காலிகமாக மூடியது.

பாதுகாப்புப் பணிகள்

1997 முதல் 2006 வரை நடைபெற்ற இசபெலா திட்டத்தில், சான்டியாகோ தீவிலிருந்தும் இசபெலாவின் வடபகுதியிலிருந்தும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட காட்டு ஆடுகள் அகற்றப்பட்டன. செடிகொடிகள் மீண்டும் தழைத்தன. எஸ்பஞோலாவில் எஞ்சியிருந்த 14 ஆமைகளும், ஐக்கிய அமெரிக்க விலங்குக் காட்சிசாலையிலிருந்து மீட்கப்பட்ட 'தியேகோ' என்னும் ஆண் ஆமையும் கொண்டு தொடங்கிய இனப்பெருக்கத் திட்டம் வெற்றி பெற்றது. 2020 ஜூனில் இந்த 15 ஆமைகளும் தம் தீவிலேயே மீண்டும் விடப்பட்டன. பிண்டா தீவின் கடைசி ஆமையான 'தனித்த ஜார்ஜ்' வாரிசின்றி 2012 ஜூன் 24 அன்று இறந்தது.

2022 ஜனவரியில் எக்குவடோர் 60,000 சதுர கிமீ பரப்புள்ள 'எர்மன்தாத்' கடல்சார் காப்பகத்தை அறிவித்தது. இது கலாபகோசுக்கும் கோஸ்ட்டா ரிக்காவின் கடலெல்லைக்கும் இடையே சுறாக்களும் கடலாமைகளும் வலசை செல்லும் வழியைக் காக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

* கலாபகோஸ் தீவுகள்
* எக்குவடோர்
* சார்லஸ் டார்வின்
* பரிணாமம்
* கட்டுமரம்
* எல் நீனோ