சட்டாம்பிள்ளை: ஒரு சொல்லும் பள்ளி ஒழுங்கின் வரலாறும்

பள்ளியில் மாணவரிடையே எழும் பிணக்கை முதலில் எதிர்கொள்பவர் யார் என்னும் வினாவிற்குத் தமிழகத் திண்ணைப்பள்ளி அளித்த விடை 'சட்டாம்பிள்ளை' என்பதாகும். ஒரே ஆசிரியர் பல வயதினர்க்கும் கற்பித்த அப்பள்ளியில், மூத்த மாணவன் ஒருவன் இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். தவறு செய்தோரை ஆசிரியர்முன் நிறுத்தினான். கற்பித்தலும் கண்காணித்தலும் ஓராளிடமே அமைந்தமை இப்பொறுப்பின் தனித்தன்மை எனலாம்.

இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு முறை சென்னையிலிருந்து கடல் கடந்தது. 1787இல் இந்தியா வந்த ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை ஆண் அனாதைகள் காப்பகத்தின் மேற்பார்வையாளரானார். உள்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் விரலால் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைக் காப்பகத்தில் புகுத்த முற்பட்டார். ஆசிரியர் ஒத்துழையாமையால், எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃபிரிஸ்கனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். மணலெழுத்தை உள்நாட்டினரிடமிருந்து பெற்றதாகக் கூறிய பெல், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். 1797இல் லண்டனில் வெளியான அவரது அறிக்கையின்வழி அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது.

அம்முறையின் ஒழுங்குமுறைக் கூறு குறைவாகவே பேசப்படுகிறது. தவறுகள் 'கறுப்பு ஏடு' ஒன்றில் பதியப்பட்டன. உடன் பயிலும் மாணவரே நடுவர் குழுவாக அமர்ந்து அவற்றைத் தீர்த்தனர். 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் பிரம்படியை விலக்கினார். ஆனால் காலில் தளை பூட்டுதல், கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிடுதல் போன்ற இழிவுபடுத்தும் தண்டனைகளை வைத்துக்கொண்டார். பிரம்பு நீங்கியதனால் மட்டும் சிறுவனின் மதிப்புக் காக்கப்பட்டுவிடவில்லை என்பது இதனால் பெறப்படும்.

சட்டாம்பிள்ளையின் கதையைச் சொற்பொருள் மாற்றமே தெளிவாகக் காட்டுகிறது. மலையாளத்தில் 'சட்டம்பி' என்பதும் வகுப்புத் தலைவனைக் குறித்த சொல்லே. சட்டம்பி சுவாமிகள் (1853–1924) இளமையில் அப்பொறுப்பை வகித்தமையால் அப்பெயர் பெற்றார். அதே சொல் இன்று அங்கே 'போக்கிரி' என்னும் பொருளில் வழங்குகிறது. தமிழிலும் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்பது பிறரை அதிகாரம் செய்தலைக் குறிக்கும். ஒழுங்கு காப்பவனின் பெயர் இவ்வாறு இழிந்தமை, கேள்விமுறையற்ற அதிகாரம் மாணவர் நினைவில் விட்டுச்சென்ற தடமாகலாம்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை இரண்டு. 'தண்டனை' என்னும் சொல் கோலைக் குறிக்கும் 'தண்ட' என்னும் வடசொல்லை அடியாகக் கொண்டது. 'டிசிப்ளின்' என்பதோ 'கற்போன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. பின்னதை ஒழுங்கு, ஒழுக்கம், கட்டுப்பாடு என மூவகையாகப் பெயர்க்கிறோம். வகுப்பில் பேசிய சிறுவனின் செயலை 'ஒழுங்கீனம்' என்றால் செயல் மட்டுமே சுட்டப்படுகிறது. 'ஒழுக்கக்கேடு' என்றால் அவன் பண்பே பழிக்கப்படுகிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'ஒழுக்கமும் பண்பும்' என இணைத்து எழுதும் வழக்கிருக்கையில், இவ்வேறுபாடு சிறிதன்று.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல்சார்ந்த தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மீறுவோர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் வழிசெய்கிறது. மாணவனை நோக்கியிருந்த 'ஒழுங்கு' என்னும் சொல் இங்கே ஆசிரியரை நோக்கித் திரும்புகிறது. லங்காஸ்டரின் கூடையை இச்சட்டத்தின் 'மனத்துன்புறுத்தல்' என்னும் தொடரே எட்டுகிறது. அத்தொடரை நெகிழ்த்திப் பெயர்த்தால், பிரம்பு மட்டுமே தடைப்பட்டதெனக் கொள்ள இடமுண்டாகும். பள்ளிச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவோரின் சொல்தேர்வு, பிணக்கைக் கேட்டுத் தீர்க்கும் வகுப்பறைக்கோ அஞ்சி அடங்கும் வகுப்பறைக்கோ துணைபோகும்.