வில்லுக்கத்தி

மடக்குக்கத்திக்கு ஈழத்துப் பேச்சில் வில்லுக்கத்தி என்று பெயர். அம்பு எய்யும் வில்லுக்கும் இதற்கும் என்ன உறவு? வளைத்தால் எதிர்த்து, விட்டால் பழைய நிலைக்கே திரும்புவது வில். வில்லுவண்டியின் அடியில் இருக்கும் பட்டைகளுக்கும் அதனால்தான் அந்தப் பெயர்.

கத்தியில் வில் இருப்பது முதுகுப் பக்கம். பிடியின் நீளத்துக்கு ஓர் எஃகுப் பட்டை. அதன் நுனி அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். விரித்தால் பாதி தூரம் முரண்டு பிடித்து, பிறகு 'டக்'கென்று தானே போய் நிற்கும். பூட்டு எதுவும் இல்லை. அலகின் முதுகை அழுத்தினால் மடங்கிவிடும், விரல் பத்திரம்! பழைய கத்தி சேகரிப்பவர்கள் முதலில் கேட்டுப் பார்ப்பது அந்த 'டக்'கைத்தான். சத்தம் மழுங்கியிருந்தால் வில் தளர்ந்திருக்கலாம், அல்லது மூட்டில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு இவ்வகைக் கத்திகளுக்குப் பேர்போன ஊர்.

பேனாக்கத்தி என்ற இன்னொரு பெயரும் உண்டு. இறகைச் சீவி எழுதிய காலத்துப் பெயர் அது. பேனா என்பதே போர்த்துக்கீசியரின் 'பெனா', அதாவது இறகு. ஆனால் அந்தப் பெயர் கத்தியின் பழைய வேலையை மட்டுமே சொல்கிறது. வில்லுக்கத்தி அது இயங்கும் விதத்தையே சொல்லிவிடுகிறது. என் ஓட்டு வில்லுக்கத்திக்கே.