முத்திரை பெற்ற தோலும் பெயரற்ற கறியும்

பாலாற்றங்கரையில் அரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற பள்ளிகொண்டா, தோல் தொழிலால் பெயர்பெற்ற ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களுக்கு அண்டையில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒரே விலங்கின் இரண்டு பொருள்களுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஆவாரம்பட்டையில் பதமான தோல், எடையும் தரமும் பார்த்து வகை பிரிக்கப்பட்டு, லண்டன் சந்தைவரை சென்றது. வாங்குபவர் கடலுக்கு அப்பால் இருந்ததால், தோல் தன் தரத்தைத் தானே சொல்ல வேண்டியிருந்தது. கறியோ அன்றே, அதே ஊரில் விற்றுத் தீர்ந்தது. கடைக்காரரின் முகமே அதற்கு உத்தரவாதம்.

அந்த முகத்துக்குப் பின்னால் அரசு வந்து நின்றது 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் வழியாக எனலாம். நகராட்சியே ஆட்டுத்தொட்டி அமைக்கலாம். கறிக்கடைக்கு உரிமம் வேண்டும். தோல் பதனிடுவதற்கும் உரிமம் வேண்டும் என்றாயிற்று. அறுப்பதற்கு முன்பும் பின்பும் விலங்கைப் பார்த்து, தொடையில் மை முத்திரை குத்துவது வழக்கமானது. மாட்டைப் பொறுத்தவரை, பத்து வயதைக் கடந்தது, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது என்ற சான்றிதழை 1958ஆம் ஆண்டுச் சட்டம் கோரியது. ஆனால் பாதி ஆடு விற்பதற்குள் முத்திரை இருந்த துண்டு போய்விடும். எஞ்சியதை வாங்குபவருக்கு மறுபடியும் கடைக்காரரின் முகம்தான்.

1954இல் இயற்றப்பட்ட உணவுக் கலப்படத் தடைச் சட்டம் பொட்டலங்களையே பெரிதும் நம்பியது. 2000இல் அசைவப் பொட்டலங்களுக்குப் பழுப்புக் குறி கட்டாயமானது. அந்தக் குறி அசைவம் என்று மட்டுமே சொல்லும். எந்த விலங்கு என்று சொல்லாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது, உள்ளாட்சி உணவு ஆய்வாளர்களின் அதிகாரம் மாநில அரசின் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களிடம் சென்றது. ஆட்டுத்தொட்டி உள்ளாட்சியிடமே தங்கியது. கூடத்தைக் காப்பவர் ஒருவர், கடையைச் சோதிப்பவர் வேறொருவர் என்ற நிலை உருவாயிற்று.

இந்த இடைவெளியில் வதந்தி எளிதாக நுழையும். 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோவுக்கும் அதிகமான இறைச்சி பிடிபட்டது. மீன் என்று பதிவாகி ஜோத்பூரிலிருந்து வந்தது அது. நாய்க்கறி என்ற பேச்சு ஒரே நாளில் மாநிலமெங்கும் பரவியது. பிரியாணிக் கடைகளை மக்கள் சந்தேகத்தோடு பார்த்தனர். கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு அது ஆட்டினத்தின் இறைச்சியே என்று கூறியது. உண்மை வந்து சேர்வதற்குள் பலருடைய பிழைப்பு அடிபட்டிருந்தது.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. அதில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுத்தோலால் வளர்ந்த வட்டாரத்தில் மாட்டுக்கறியின் பெயரை அழைப்பிதழில் எழுத அரசுக்கே தயக்கம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கறியின் தூய்மையைச் சட்டங்கள் ஓரளவேனும் கவனித்தன. அதன் பெயரை உரக்கச் சொல்லும் துணிவு தட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.