பொது ஆவணங்களும் மரபின் வரலாறும்: அயோவா, டெக்சஸ் மாநிலப் பொருட்காட்சிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மாநிலப் பொருட்காட்சிகளின் மரபுகள், தாமாகவே தோன்றித் தடையின்றித் தொடர்ந்து வருவன போலக் காட்சியளிக்கின்றன. அவற்றின் பின்னணியில் தீர்மானங்களும் ஒப்பந்தங்களும் செலவுக் கணக்குகளும் உள்ளன. பொது ஆவணச் சட்டங்களின்வழி இவற்றைக் கோரிப் பெற்று ஆராயும் முறையின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. பொருட்காட்சியை நடத்தும் அமைப்பின் சட்ட வடிவமே அதன் கடந்த காலத்தில் எப்பகுதியை ஆய்வாளர் சோதித்தறிய இயலும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மாநிலப் பொருட்காட்சி, பொது ஆவணம், மரபு, அயோவா, டெக்சஸ், வரலாற்று முறையியல்.

முன்னுரை

1807ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில் எல்கானா வாட்சன் என்பார் தம்முடைய மெரினோ இனச் செம்மறியாடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். அமெரிக்க வேளாண் கண்காட்சிகளின் தொடக்கமாக இந்நிகழ்வு பெரும்பாலும் சுட்டப்பெறுகிறது. மாநில அளவிலான முதற் பொருட்காட்சி 1841இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் நடைபெற்றது. நல்ல விதை, நல்ல கால்நடை, புதிய கருவி ஆகியவற்றை உழவர்க்கு அறிமுகப்படுத்துவதே இவற்றின் முதல் நோக்கம். காலப்போக்கில் கேளிக்கையும் உணவும் அரசியலும் அவற்றோடு இணைந்தன. ஃபில் ஸ்டாங் 1932இல் எழுதிய ‘ஸ்டேட் ஃபேர்’ என்னும் புதினமும் அதன் திரைவடிவங்களும் அயோவாப் பொருட்காட்சியைக் கிராமிய வாழ்வின் மாறாத அடையாளமாக மக்கள் மனத்தில் நிலைநிறுத்தின. இந்த ‘மாறாமை’ வரலாற்று நோக்கில் சோதிக்கப்பட வேண்டிய ஒன்றாகும்.

சட்டப் பின்புலம்

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் மைய, மாநில அரசுகள் இரண்டிற்கும் பொருந்துவது. அமெரிக்க நிலை வேறு. 1966இல் இயற்றப்பெற்ற தகவல் சுதந்திரச் சட்டம் கூட்டாட்சி அரசின் அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். மாநில ஆவணங்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனிச்சட்டம் கொண்டுள்ளது. அயோவாவில் 1967இலும் டெக்சஸில் 1973இலும் இத்தகைய சட்டங்கள் உருவாயின. அயோவாச் சட்டத்தொகுப்பின் 22ஆம் அதிகாரம் ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையை எந்த ஒருவருக்கும் வழங்குகிறது. ஆயினும் எல்லா மாநிலங்களும் அவ்வாறு வழங்கவில்லை. இவ்வுரிமையைத் தன் குடிமக்களுக்கு மட்டும் வரையறுத்த வர்ஜினியா மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அயல்நாட்டு ஆய்வாளர் முதலில் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது.

அயோவா: வெண்ணெய்ப் பசு

அயோவாப் பொருட்காட்சி 1854இல் ஃபேர்ஃபீல்டு நகரில் தொடங்கியது. 1886 முதல் டி மொய்ன் நகரிலுள்ள இன்றைய திடலில் நடைபெற்று வருகிறது. இதன் புகழ்பெற்ற அடையாளம் வெண்ணெயால் உருவாக்கப்பெறும் முழு அளவிலான பசுச் சிற்பம். 1911இல் ஜே. கே. டேனியல்ஸ் என்னும் சிற்பி இதனை முதன்முதலில் இங்கு வடித்தார். நோர்மா லயன் 1960 தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பணியைச் செய்தார். மரம், உலோகம், கம்பிவலை ஆகியவற்றாலான சட்டகத்தின்மீது ஏறத்தாழ 600 பவுண்டு வெண்ணெய் பூசப்பெற்றுக் குளிர்பதனப் பேழைக்குள் சிற்பம் உருப்பெறுகிறது. வெண்ணெயின் பெரும்பகுதி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மீண்டும் பயன்படுத்தப்பெறுகிறது.

இதனை நாட்டுப்புறக் கலைமரபாக மட்டும் காண்பது முழுமையாகாது. செயற்கை வெண்ணெயாகிய மார்கரின் சந்தைக்கு வந்து பால்பண்ணைத் தொழிலுக்குப் போட்டியாக எழுந்த காலம் அது. 1886இல் கூட்டாட்சி அரசு மார்கரின்மீது வரி விதித்தது. 1902இல் மஞ்சள் நிறமூட்டிய மார்கரினுக்கு அவ்வரியைப் பவுண்டிற்கு 10 சென்டாக உயர்த்தியது. வெண்ணெய்ச் சிற்பங்கள் பொருட்காட்சிகளில் பெருகியது இப்பூசல் நிலவிய காலத்திலேயே. எனவே சிற்பம் தொழில் விளம்பரமாகவும் இயங்கியது எனலாம்.

அயோவாப் பொருட்காட்சியை நடத்துவது மாநிலச் சட்டத்தால் அமைக்கப்பெற்ற ஆணையமாகும். ஆகவே அதன் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், ஒப்பந்தங்கள், பரிசு விதிமுறைகள், செலவுச் சீட்டுகள் ஆகியன பொது ஆவணங்கள். சிற்பிக்கு எவர் ஊதியம் தருகிறார், வெண்ணெயை எவர் வழங்குகிறார் என்னும் வினாக்களுக்கு நினைவுரைகளைக் காட்டிலும் இவை உறுதியான விடை தரும். 2013இல் வெண்ணெய்ப் பசுவின் காட்சிப் பேழைமீது விலங்குரிமை ஆர்வலர்கள் சிவப்பு வண்ணம் ஊற்றிய நிகழ்வு போன்றவை, மரபு எதிர்க்கப்பெற்ற தருணங்களுக்கும் ஆவணச்சான்று தேடத் தூண்டுகின்றன.

தொடர்ச்சி என்னும் கருத்தும் இவ்வாறே சோதனைக்குரியது. பொருட்காட்சி 1898இலும், 1942 முதல் 1945 வரையிலும், 2020இலும் நடைபெறவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திடல் படைத்துறையின் பயன்பாட்டில் இருந்தது. அவ்வாண்டுகளின் வரலாற்றை நாடுவோர் மாநில ஆணையத்தோடு நின்றுவிடாமல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தையும் அணுக வேண்டும்.

டெக்சஸ்: தனியார் அமைப்பும் பொது நிலமும்

டெக்சஸ் மாநிலப் பொருட்காட்சி 1886இல் டாலஸ் நகரில் தொடங்கியது. பெயரில் ‘மாநில’ என்றிருப்பினும், அதனை நடத்துவது இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு. திடலோ 1904இல் டாலஸ் நகராட்சிக்கு விற்கப்பெற்றது. அன்று முதல் அது பொதுச்சொத்து. தனியார் அமைப்புகளில் எவை பொது ஆவணச் சட்டத்திற்கு உட்படும் என்னும் வினாவுக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2015இல் குறுகிய பொருள் தந்தது. அரசிடமிருந்து பணம் பெறுவது மட்டும் போதாது. பொது நிதியாலேயே நிலைபெறும் அமைப்பாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்வேறுபாடு வெறும் நடைமுறைச் சிக்கல் அன்று. 1889இல் கறுப்பின மக்களுக்கென இப்பொருட்காட்சியில் தனியொரு நாள் ஒதுக்கப்பெற்றது. 1910இல் அது கைவிடப்பெற்றது. 1923 அக்டோபர் 24 கூ கிளக்ஸ் கிளான் நாளாகக் கொண்டாடப்பெற்றது. 1936இல் இதே திடலில் நடந்த டெக்சஸ் நூற்றாண்டுப் பெருங்காட்சியில் கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டும் தனி அரங்கம் அமைந்தது. காட்சி முடிந்ததும் அது இடிக்கப்பட்டது. மீண்டும் தொடங்கிய தனிநாள் வழக்கத்தை எதிர்த்து 1955இல் ஹுவானிடா கிராஃப்ட் வழிநடத்திய இளைஞர்கள் மறியல் செய்தனர். பாகுபாடு முற்றிலும் நீங்கியது 1960களில்தான். அப்பத்தாண்டின் இறுதியில் திடலை ஒட்டிய கறுப்பின மக்களின் வீடுகளை நகராட்சி கையகப்படுத்தியது. வாகன நிறுத்துமிடம் விரிவடைந்தது.

கொண்டாடப்பெறும் மரபுகளின் பட்டியலில் இவை இடம்பெறுவதில்லை. 1952 முதல் நிற்கும் ‘பிக் டெக்ஸ்’ என்னும் பேருருவச் சிலையே பெரிதும் பேசப்பெறுகிறது. நடத்தும் அமைப்பின் ஆவணங்களைச் சட்டத்தின்வழிக் கோர இயலாத நிலையில் ஆய்வாளர்க்கு உதவுவது மறுதரப்பு ஆவணம். நகராட்சியின் நிலக் கையகப்படுத்தற் கோப்புகளும் குத்தகை ஒப்பந்தங்களும் பொது ஆவணங்கள். 1936ஆம் ஆண்டு அரங்கத்திற்கு நிதி அளித்தது கூட்டாட்சி அரசு. ஆதலின் அதன் சுவடுகளைக் கூட்டாட்சிப் பதிவுகளிலும் தேடலாம்.

முறையியல் எல்லைகள்

பொது ஆவணச் சட்டம் இருக்கும் ஆவணத்தைத் தருமேயன்றி வினாவுக்கு விடை எழுதித் தராது. “இம்மரபு எவ்வாறு தோன்றியது?” என்று கேட்பதால் பயனில்லை. ஆவண வகை, ஆண்டு, பொறுப்புடைய பிரிவு ஆகியவற்றைச் சுட்டுவதே முறை. வணிக மறைபொருள், தனிநபர் தகவல் முதலியன விலக்கு பெறக்கூடும். குறிப்பிட்ட காலத்திற்குப் பின் சில கோப்புகள் விதிப்படியே அழிக்கப்பெறும். எனவே கிடைத்த ஆவணத்தை அக்கால இதழ்கள், அச்சிட்ட ஆண்டறிக்கைகள், வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். ஆவணம் கிடைக்கவில்லை என்பது நிகழ்வு நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

முடிவுரை

அயோவாவில் வெண்ணெய்ப் பசுவின் செலவுக் கணக்கைக்கூட ஒருவர் உரிமையோடு கேட்கலாம். டெக்சஸில் ஒரு மக்கள் பிரிவை ஒதுக்கிவைத்த முடிவுகளின் வரலாற்றை நடத்துநர் அமைப்பிடம் அவ்வாறு கேட்பது எளிதன்று. இவ்வேறுபாட்டிற்கு நிகழ்வுகளின் முக்கியத்துவம் காரணமன்று. அமைப்புகளின் சட்ட வடிவமே காரணம். பொருட்காட்சி மரபுகளை ஆராய்வோர் முதலில் அறிய வேண்டியது, அதனை நடத்துவது எவர், நிலம் எவருடையது, பணம் எவருடையது என்னும் மூன்றினையே. ஒரு தரப்பின் கோப்பு மூடியிருப்பின், மற்ற இரண்டின்வழியே அவ்வரலாற்றை அணுகல் வேண்டும்.